1999ல அப்பா தாமரைக்கு ஓட்டு கேட்டாரு

1999ல எங்க அப்பா தாமரைக்கு ஓட்டு கேட்டாரு. இந்த ஒரு வரிய எழுத எனக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கு. எங்க ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம், தலைல கைய வச்சுக்கிட்டு சிரிப்பாங்க. மத்தவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

நாங்க கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கம். சிஎஸ்ஐ குடும்பம் (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்), லண்டன் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சு மேல வந்த வழி. அப்பா பலசரக்குக் கடை வச்சிருந்தாரு, திமுக கிளைச் செயலாளர், சபைல கமிட்டி மெம்பர். ஞாயித்துக்கெழமை மட்டும் கறுப்பு செவப்புக் கரை வேட்டி உடுத்தக் கூடாதுன்னு அம்மா கண்டிஷன் போட்டிருந்தா, அத அப்பா ஒருநாளும் மீறுனதில்ல, ஆனா காணிக்கை எடுக்கிறப்ப சட்டைப் பையில எட்டிப் பாக்கிற பேனால கலைஞர் சிரிச்சிட்டு இருப்பாரு. மாவட்டத்துல இந்துக்களும் கிறிஸ்தவங்களும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, 2011 சென்சஸ்படி 48.65 சதவீதம், 46.85 சதவீதம். 1982 மண்டைக்காடு கலவரத்துக்கு அப்புறம் இங்க ஓட்டுல மதம் ஏறிப்போச்சு, தமிழ்நாட்டுக்கே முதல் பாஜக எம்எல்ஏ 1996ல எங்க பத்மநாபபுரம் தொகுதில இருந்துதான் சட்டசபைக்குப் போனாரு. அதனால எங்க சபைல "தாமரைக்கு எதிரா யாரு ஜெயிப்பா?" அப்படிங்கிறது மட்டும்தான் கேள்வி, மத்த எதுவும் கேள்வியே இல்ல.

அப்படி இருக்கையில 1999 ஜனவரில ஒரிசா மனோகர்பூர்ல கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவரோட ரெண்டு பையன்களையும் வண்டிக்குள்ள தூங்கிட்டு இருக்கிறப்பவே எரிச்சாங்க. தொழுநோயாளிங்க மத்தியில வேலை பாத்த ஆஸ்திரேலியா மிஷனரி. எங்க சபைல மூணு வாரம் அத சொல்லித்தான் ஜெபம். அவரு சம்சாரம் கிளாடிஸ் 'நான் மன்னிச்சிட்டேன்'னு சொன்னது பேப்பர்ல வந்தப்ப அம்மா அந்தப் படத்த கத்திரிச்சு பைபிளுக்குள்ள வச்சா. ஏப்ரல்ல ஒரே ஒரு ஓட்டுல வாஜ்பாய் ஆட்சி கவுந்துச்சு, பாஜக கூட்டணில அதிமுக கைவிட்ட எடத்துக்கு திமுக போய் உக்காந்துச்சு. தொகுதிப் பங்கீட்டுல நாகர்கோவில் பாஜகவுக்கு. பொன். ராதாகிருஷ்ணன் வேட்பாளர். எட்டு மாசத்துக்கு முன்னால சபைல கண்ண மூடி ஸ்டெயின்ஸ் பையன்களுக்காக அழுத எங்கப்பா, இப்ப பைக்கில தாமரை நோட்டீஸ் கட்டு வச்சுக்கிட்டு கிளம்புறாரு.

அந்தக் கொலைய ஒரு கட்சி பண்ணிச்சுன்னு நான் சொல்ல வரல. விசாரிச்ச வாத்வா கமிஷன் எந்த அமைப்புக்கும் தொடர்பு இருக்கிறதா ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு. அப்பாவுக்கு அந்த அறிக்கை அமிர்தம் மாதிரி கெடச்சுச்சு, பேப்பர மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீடு வீடா காட்டினாரு, "கமிஷனே சொல்லியாச்சு, பொறவு என்ன?" அப்படின்னு. நாலு வீடு தள்ளி இருந்த ஒரு கெழவி அம்மாவோட ஜெபக்குழு. அவங்க கதவத் தொறந்து, "தம்பி, உள்ள வா, காப்பி குடி. ஓட்டு பத்தி மட்டும் பேசாத"ன்னாங்களாம். அப்பா காப்பி குடிச்சிட்டு வந்துட்டாரு. அத அவரே வீட்டுல சிரிச்சிட்டே சொன்னாரு, ஆனா சோறு பாதில எந்திரிச்சிட்டாரு.

எனக்கு அப்ப வயசு இருபத்தொண்ணு, நான் நேராவே கேட்டேன், எப்படிப்பா முடியுதுன்னு. "தலைவர் செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும். இப்ப நமக்குப் புரியாது"ன்னாரு. இந்த வார்த்தைய நான் எங்கேயோ கேட்டிருக்கனேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எங்க வீட்டுல யாராவது சின்ன வயசுல செத்துப்போனா போதகர் வந்து சொல்வாரு பாருங்க, அதே வார்த்தை, அதே குரல். அதுக்கு மேல வேற ஆயுதமும் அப்பா கைல உண்டு, இராயனுக்குரியது இராயனுக்கு, தேவனுக்குரியது தேவனுக்கு. அப்பாவோட கணக்குல இராயன் கோபாலபுரத்துல இருந்தாரு.

அம்மா ஒரு சத்தமும் போடல. எல்லா எலெக்‌ஷனுக்கும் பொம்பளைங்க கூட்டத்தோட உதயசூரியனுக்கு ஓட்டு கேக்கப் போறவ, அந்த தடவை "நீங்க போங்க, நான் வரல"ன்னு மட்டும் சொன்னா. ஓட்டுப் போட்டுட்டு வந்த அன்னைக்கு சாயங்காலம் அப்பா ஒரு தடவை கேட்டாரு, "போட்டாச்சா?" "போட்டாச்சு." அதுக்கு மேல அவரும் கேக்கல, அவளும் சொல்லல. தாமரை ஜெயிச்சுச்சு.

எங்க வீட்டுல இந்தச் சண்டை புதுசும் இல்ல. பாட்டா உபதேசியாரா இருந்தவரு, இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியோட ஆளு. திருவிதாங்கூர்-கொச்சில இருந்த எங்க தமிழ்ப் பகுதிய தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு நடந்த போராட்டத்துல 1954 ஆகஸ்ட் 11 அன்னைக்கு மார்த்தாண்டத்துலயும் புதுக்கடைலயும் போலீஸ் சுட்டப்ப பாட்டா புதுக்கடைக்குப் பக்கத்துலதான் இருந்தாராம். 1956 நவம்பர் 1ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு, அப்புறம் அவருக்கு நேசமணியும் காமராஜரும்தான். அப்பா 1965 இந்தி எதிர்ப்புல திமுகவுக்குப் போனவரு. 'சாமி இல்லன்னு சொல்ற கட்சிக்கா போற?'ன்னு பாட்டா கேட்க, 'அண்ணா ஒன்றே குலம் ஒருவனே தேவன்னுதான் சொல்றாரு, ஆதியாகமமும் அதத்தான் சொல்லுது'ன்னு அப்பா சொல்ல, ஒரு வருஷம் பேச்சு இல்ல. நேசமணி செத்து 1969ல நாகர்கோவில்ல இடைத்தேர்தல் வந்து காமராஜர் நின்னப்ப பாட்டா அவருக்கு, அப்பா எதிரணிக்கு. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, நடுவுல பாட்டி உக்காந்திருப்பாளாம், பாட்டு புஸ்தகத்த ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கிட்டு.

அந்தத் துப்பாக்கிச் சூடு பத்தி பாட்டா ஒண்ணு சொல்வாரு, சின்ன வயசுல எனக்கு அது புரிஞ்சதில்ல. அன்னைக்கு திருவிதாங்கூர்-கொச்சில இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையோட பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. அந்தக் கட்சிக்கு அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. ஜனங்க மேல சுட்ட ஆட்சி ராஜினாமா பண்ணனும்னு சொன்னாரு, அது அவரோட சொந்தக் கட்சி ஆட்சி. சுதந்திரத்துக்கு அப்புறம் அவங்க கைக்கு வந்த ஒரே மாநிலம் மாதிரி அது, அதப் போய் விட்டுடுன்னா யாரு கேப்பா? கட்சி கேக்கல. அடுத்த வருஷம் அவரையே விலக்கி வச்சுட்டாங்க. "எங்கேயோ உத்தரப் பிரதேசத்துல இருந்த மனுஷன், நம்ம மொழி தெரியாது, நம்ம சபை கிடையாது, நமக்காக அவன் கட்சிய எதுத்தாம்ல"னு பாட்டா சொல்றப்ப குரல் லேசா மாறும். அவரு காங்கிரஸ்காரர், லோகியா காங்கிரஸ திட்டித் தீர்த்த ஆளு. அது பாட்டாவுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் சொல்வாரு.

சரி, அப்பா கதைக்கு வரேன். 2002ல ஜெயலலிதா கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தாங்க, திமுக எதுத்துச்சு, அப்பாவுக்கு மூச்சு வந்துச்சு. ஆனா அதே வருஷம் குஜராத் கலவரம். அதுக்கு அப்புறமும் டெல்லில திமுக மந்திரிங்க உக்காந்துதான் இருந்தாங்க, 2003 டிசம்பர்லதான் வெளிய வந்தாங்க. 2004 தேர்தல்ல கூட்டணில நாகர்கோவில் மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போச்சு, பெல்லார்மின் நின்னாரு, அப்பா அதே பைக்கில அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். அஞ்சு வருஷத்துல தாமரைல இருந்து அரிவாள், ரெண்டு தடவையும் அதே ஆளு, அதே வீடுங்க, அதே "தலைவர் சொன்னா காரணம் இருக்கும்". அந்தக் கெழவி வீட்டுல இந்தத் தடவை காப்பியோட முறுக்கும் குடுத்தாங்களாம். அந்தத் தேர்தல்ல ஒரு எடம் கூட ஜெயிக்காம போனதும் ஜெயலலிதா மே மாசமே அந்தச் சட்டத்தத் திரும்ப எடுத்தாங்க. 'பாத்தியா, ஜெபம் கேக்கப்பட்டுச்சு'ன்னு சபைல சொன்னாங்க. ஜெபம் கேட்டுச்சோ எலெக்‌ஷன் ரிசல்ட் கேட்டுச்சோ, எனக்கு அது தெரியல.

இது வரைக்கும் படிச்சவங்களுக்கு நான் அப்பாவ குத்தம் சொல்றேன்னு தோணலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன், எனக்கு மனசாட்சி சுத்தம், அப்பாவுக்குத்தான் கட்சிப் பைத்தியம்னு. 2012 வந்துச்சு.

இடிந்தகரைல கூடங்குளம் அணு உலைக்கு எதிரா போராட்டம், லூர்து மாதா கோயில் முன்னால பந்தல், ஊரே உண்ணாவிரதம். மீனவ ஜனங்க, கத்தோலிக்கர். நாங்க கடலத் தள்ளி உள்பக்கம், சிஎஸ்ஐ, கடலப் பாக்கிறதே சொத்தவிளை பீச்சுக்கு டூர் போறப்பதான். எங்களுக்குள்ள என்னதான் 'எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒண்ணு'ன்னு பாடினாலும் கடற்கரை ஆளுங்கன்னா எங்க பக்கம் ஒரு எளக்காரம் உண்டு, அத மறைச்சு என்ன பிரயோஜனம். அந்த வருஷம் கரண்ட் கட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல, கடைல ஃப்ரிட்ஜு கெட்டு அப்பா தலைல துண்டப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. நான் அப்ப காங்கிரஸ் பக்கம் சாய்ஞ்சவன், குறைஞ்சபட்சம் இவங்க நம்மள அடிக்க மாட்டாங்க அப்படிங்கிற கணக்கு. பிப்ரவரில பிரதமர் மன்மோகன் சிங் ஒரு அறிவியல் பத்திரிகை பேட்டில, இந்தப் போராட்டத்துக்குப் பின்னால அமெரிக்கத் தொண்டு நிறுவனங்க இருக்குன்ற மாதிரி சொன்னாரு. நான் அத எடுத்து ஃபேஸ்புக்ல போட்டேன். மேல ஒரு வரி நானா சேர்த்தேன்: "வெளிநாட்டுப் பணம் வந்தா சாமியாருக்கும் போராட்டம் வரும்." நாப்பத்தி மூணு லைக்கு.

எங்க மேல காலம் காலமா என்ன பழி சொல்றாங்க? வெளிநாட்டுப் பணம். சர்ச்சு கட்டினா வெளிநாட்டுப் பணம், பள்ளிக்கூடம் நடத்தினா வெளிநாட்டுப் பணம், தொழுநோயாளிக்குப் புண்ணு கழுவினா கூட வெளிநாட்டுப் பணம். அந்த வார்த்தைய கேட்டு கேட்டு வளர்ந்தவன் நான், ஸ்கூல்ல ஒரு தடவை அதுக்காக அடிதடியே போட்டவன். அதே கல்ல எடுத்து, உப்புக் காத்துல உண்ணாவிரதம் இருந்த பொம்பளைங்க மேல எறிஞ்சேன், ஏன்னா சொன்னது என் பக்கத்துப் பிரதமர். மோடி சொல்லியிருந்தா நான் பொங்கியிருப்பேன், சத்தியமா.

மத்த கட்சிங்களும் யோக்கியம் இல்ல. 'மக்கள் பயம் போற வரைக்கும் வேலைய நிறுத்துங்க'ன்னு 2011ல சொன்ன ஜெயலலிதா அரசு, 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிஞ்சு மறுநாளே, 19ந் தேதி, உலைக்குப் பச்சைக்கொடி காட்டுச்சு. திமுகவும் உலை வேணும்ங்கிற பக்கம்தான். ஆக, இடிந்தகரைக்காரன் நூறு சதவீதம் கிறிஸ்தவன், அவன் பக்கம் ஒரு 'கிறிஸ்தவங்களோட கட்சி'யும் இல்ல, எங்கள மாதிரி கிறிஸ்தவங்களும் இல்ல. செப்டம்பர் 10ந் தேதி கடற்கரைல கண்ணீர்ப் புகைக் குண்டு, அன்னைக்கே மணப்பாட்டுல போலீஸ் சுட்டதுல ஒரு மீனவர் செத்தாரு. எங்க சபைல அடுத்த ஞாயிறு அவருக்காக ஒரு வார்த்தை ஜெபம் இல்ல. ஸ்டெயின்ஸுக்கு மூணு வாரம். கமிட்டில அப்ப நானும் இருந்தேன், நானும் கேக்கல.

அந்தப் போஸ்ட்ட நான் அழிக்கல. வருஷா வருஷம் ஃபேஸ்புக்கே ஞாபகப்படுத்தும், பாத்துட்டு மூடிருவேன்.

கட்சியே வேண்டாம், விசுவாசிக்கு அரசியல் எதுக்குன்னு சொல்றவங்க எங்க சபைல நெறைய, அவங்க சபைங்களோட மேல்மட்ட நிர்வாகமான டயோசிஸ் எலெக்‌ஷன் வந்தா எப்படி மாறுறாங்கன்னு நான் பாத்திருக்கேன், ரெண்டு அணி, பேனர், வேன், லாட்ஜுல ரூம் போட்டு மெம்பர்கள காவல் காக்கிறது, பிரியாணி, எல்லாம் உண்டு, கொடி மட்டும்தான் இல்ல. அதனால அந்தப் பேச்ச நான் நம்புறதில்ல. எனக்கு நாத்தான் தீர்க்கதரிசிதான் பிடிக்கும். பத்சேபாள் விஷயத்துல தாவீது முன்னால போய் நின்னு, ஒரு ஏழையோட ஆட்டுக்குட்டிக் கதைய சொல்லி, நீயே அந்த மனுஷன்னு சொன்னாரே, அது எல்லாருக்கும் தெரியும், சண்டே ஸ்கூல்ல வருஷம் ஒரு தடவை நாடகமே போடுவோம். ஆனா அதுக்கு அப்புறம் நாத்தான் எங்க போனாரு? எங்கேயும் போகல. அரண்மனைலயேதான் இருந்தாரு. தாவீதுக்கு வயசாகி படுக்கைல கெடக்கிறப்ப அதோனியா ராஜாவாகப் பாக்கிறான், அப்ப பத்சேபாளப் போய்ப் பாத்து, இப்படிப் பேசு, பின்னாடியே நான் வரேன்னு சொல்லிக் குடுத்து சாலொமோன ராஜாவாக்குறதே இந்த நாத்தான்தான். பக்கா கட்சிக்காரர், உள்குத்தெல்லாம் தெரிஞ்ச மனுஷன். தாவீது பத்சேபாளுக்குப் பிறந்த ஒரு பையனுக்கு நாத்தான்னே பேரும் வச்சிருக்கான். மூஞ்சிக்கு நேரா குத்தம் சொன்னவன் பேர புள்ளைக்கு வைக்கிற தலைவன் இன்னைக்கு எந்தக் கட்சில இருக்கான்னு கேக்க வேண்டாம், அது வெட்டிப்பேச்சு. சொல்ற ஆளு யாரு இருக்கா? கமிட்டி மெம்பர் நான் சொன்னேனா?

கேரளால எம்.எம். தாமஸ்னு ஒரு இறையியல் அறிஞர் இருந்தாரு, மார்த்தோமா சபை. வாலிபத்துல ஒரே சமயத்துல குருப்பட்டமும் கேட்டாரு, கம்யூனிஸ்ட் கட்சில மெம்பர்ஷிப்பும் கேட்டாரு. 'நீ மார்க்ஸ் பேசுற'ன்னு சபை பட்டம் குடுக்கல, 'நீ இயேசு பேசுற'ன்னு கட்சி சேத்துக்கல. அந்த மனுஷன் பின்னால உலகத் திருச்சபைகள் மன்றத்தோட மத்தியக் குழுத் தலைவரானாரு, எமர்ஜென்சிய வெளிப்படையா எதிர்த்தாரு, நாகாலாந்து கவர்னரா இருந்தப்ப 1992ல டெல்லியக் கேக்காம, முதலமைச்சர் சொன்னபடி சட்டசபையக் கலைச்சதால பதவியும் போச்சு. இத எங்க சபை வாட்ஸப் குரூப்புல போட்டா ஒருத்தர், "அவரு எந்தக் கட்சி?"ன்னு கேட்டாரு.

அந்த வாட்ஸப் குரூப்பு இருக்கே. 2024 ஏப்ரல் 14, தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது வாரம். "தேசத்துல சமாதானத்தைக் கொண்டு வர்றவங்களுக்கு ஞானமா வாக்களியுங்கள்"னு சபைல அறிவிப்பு, கட்சி பேரு இல்ல, கை மட்டும் லேசா ஒசந்துச்சுன்னு பசங்க அந்தக் குரூப்புல கிண்டல் பண்ணாங்க. எனக்கு அதுல பெரிய கோபம் இல்ல, மணிப்பூர்ல 2023ல எத்தனை சர்ச்சு எரிஞ்சுதுன்னு பாத்த ஜனம் பயந்துதான் போடும், நானும் அப்படித்தான் போட்டேன். ஆனா பயத்துல போடுற ஓட்டுக்குப் பின்னால கேள்வி கேக்கிற உரிமையும் சேர்ந்து போயிடுது. சிறுபான்மையினர் நலன்னு கட்சிக்காரங்க பேசுறப்ப எங்க ஆளுங்க காதுல விழுறது எய்டட் ஸ்கூல் போஸ்டிங், சர்ச்சு கட்ட கலெக்டர் அனுமதி. தலித் கிறிஸ்தவங்களுக்கு 1950 ஆணைலருந்து எஸ்சி அந்தஸ்து இல்ல, சீக்கியருக்கு 1956லயும் பௌத்தருக்கு 1990லயும் குடுத்தாச்சு, 2023ல தமிழ்நாடு சட்டசபை கூட தீர்மானம் போட்டுச்சு. எங்க சேகரத்துல அத பத்தி ஒரு கூட்டம் போடலாம்னு ஒரு தம்பி கேட்டதுக்கு, "அது அவங்க விஷயம், நாம ஏன் பெருசாக்கணும்"னு பதில் வந்துச்சு. இதே வாக்கியம்தான் இடிந்தகரைக்கும்.

இன்னொண்ணு, எங்க சபைலயே ஒரு பையன் பாஜகல சேர்ந்தான். கொயர்ல நல்லா பாடுறவன். ரோடு வேலை காண்ட்ராக்ட்டுக்காகன்னு சொன்னாங்க, அவன் கேட்டா 'எனக்கு அந்தக் கொள்கை சரின்னு படுது'ங்கிறான். அவன் பக்கத்துல யாரும் உக்காரல, கொயர்ல இருந்து தானா நின்னுட்டான். அவன் அரசியல் தப்புன்னு நான் இன்னைக்கும் அவன் கிட்டயே வாதாடுவேன். ஆனா எங்கப்பா தாமரை நோட்டீஸ் குடுத்தப்ப யாரும் அவர கமிட்டிலருந்து எடுக்கலையே. தலைவர் சொல்லி செஞ்சா விசுவாசம், தானா யோசிச்சு செஞ்சா துரோகம், அப்படியா?

அம்மா 2016ல போயிட்டா. போறதுக்கு ஒரு வருஷம் முன்னால, ஆஸ்பத்திரி கட்டில்ல, சும்மா பேசிட்டு இருக்கிறப்ப நான் கேட்டேன், 99ல யாருக்கும்மா போட்டன்னு. ரொம்ப நேரம் சிரிச்சா. "தாமரைக்கு மனசு வரல. கைக்குப் போட்டா ஒங்கப்பாவுக்குத் துரோகம். உள்ள போயி மேல இருந்து கீழ பாத்தேன், யாரோ ஒரு சுயேச்சை, பேரு கூட வாயில நுழையல, அவனுக்குப் போட்டுட்டு வந்தேன். அப்பாட்ட சொல்லிராத."

2024 ஏப்ரல் 19, அப்பாவ கார்ல பூத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எம்பத்தி ரெண்டு வயசு, கட்சில பதவி எல்லாம் எப்பவோ விட்டாச்சு, ஆனா அன்னைக்கு கரை வேட்டி. வரிசை நீளம், வெயில். கார்லயே உக்கார வச்சு ஏசி போட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு கேட்டாரு, "லே மக்கா, 99ல ஒங்கம்மை யாருக்குப் போட்டான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"கைக்குத்தான் போட்டிருப்பா," அப்படின்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "போட்டிருந்தா நல்லதுதான்."

வரிசை நகர ஆரம்பிச்சுச்சு, நான் போய் கதவத் தொறந்து அவர் கைய பிடிச்சேன்.